பாலாற்று மணலில் நான் பிடித்த கை

போன புரட்டாசியோடு என் நடை முடிந்தது. முழங்கால் இனிமேல் மாட்டேன் என்று சொல்லிவிட்டது. "கால் கேக்காத பேச்சை வாய் பேசக்கூடாது" என்பார்கள் எங்கள் ஆம்பூர் தோல் கிடங்கில். அதனால் சேகண்டியை ஆறுமுகத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். இனி திருப்பதிக்குப் போகும் நடைக்கூட்டத்தை அவன்தான் நடத்த வேண்டும். கூட்டமும் வருஷா வருஷம் கம்மியாகிக்கொண்டே வருகிறது. மோட்டார் பஸ் வந்துவிட்டதல்லவா? காலையில் ஏறி, குடியாத்தத்தில் ஒன்று சித்தூரில் ஒன்று என்று மாறினால் பொழுது சாய்வதற்குள் அடிவாரம். நாங்கள் அதை ஆறு நாள் நடந்தோம்.

சேகண்டியை வாங்கிக்கொண்ட அன்றைக்கே ஆறுமுகம் ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, நீங்க சொன்ன வழக்கம் எல்லாம் புரியுது. இந்த ஒண்ணுதான் இன்னான்னே புரியல. பேசாத விரதம் இருக்கிறவன் கையைத் தொடாதே, அவன் கண்ணு போற எடத்தைப் பாருன்னு வெச்சிருக்கீங்களே. கை தீட்டா அண்ணே?"

"தீட்டு இல்லடா. நான் ஒருத்தன் கையைப் பிடிச்சேன்."

"பிடிச்சா?"

அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் படிப்பு எனக்குக் கிடையாது. தோல் கட்டுகளின் மேல் மையால் எழுதும் மார்க்கைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் கூட்டம் எதற்காக நடந்தது என்று சொல்லிவிட வேண்டும். பெருமாளுக்குச் செருப்பு கொண்டு போகிற கூட்டம் அது. ஆம்பூர்த் தோலில், முழ நீளத்தில், ஒரு ஜோடிச் செருப்பு தைப்போம். அதைத் தலையில் வைத்து, நாங்கள் வெறுங்காலோடு நடந்து, மலை அடிவாரத்தில் அலிபிரிப் பாத மண்டபத்தில் வைப்போம். ராத்திரியில் பெருமாள் இறங்கி வந்து போட்டுக்கொண்டு காடு சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. நாங்கள் மேலே ஏற முடியாது. தோல் வேலைக்காரனுக்கு அப்போது மலைமேல் அனுமதி இல்லை. "நாம ஏறக்கூடாதுன்னா இன்னா, அவரு நம்ம செருப்பைப் போட்டுக்கினு எறங்கறாரு இல்ல" என்பாள் கெங்கம்மாக்கா. தொட்டியில் தோல் மிதித்து மிதித்து வாதம் வந்த பொம்பளை. ஆனால் வாய்க்கு மட்டும் வாதம் வராது.

கூட்டத்துக்கு இரண்டு ஆள் பொறுப்பு. முன்னால் போகிறவர் முன்னடி. கடைசியில் வருகிறவன் பின்னடி. நான் சுமை தூக்கிக்கொண்டிருந்தவன்; இரண்டு வருஷம் கூட்டத்தோடு சும்மா நடந்தேன், மூன்றாம் வருஷம் பின்னடி ஆக்கிவிட்டார்கள். கற்றுக்கொண்டது அவ்வளவுதான். பின்னடிக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: யாரையும் முந்தக்கூடாது. கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவன் யாரோ, அவனைவிட நீ மெதுவாக நடக்க வேண்டும்.

மற்றதெல்லாம் வேலை. காலையில் எல்லார் உள்ளங்காலையும் பார்ப்பது. சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவர்கள் கால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து அடைக்க வேண்டும். புறப்படும்போதும் தங்கும்போதும் தலை எண்ண வேண்டும். அப்புறம் வாய்ப்பூட்டுக்காரர்களைக் கவனிக்க வேண்டும்.

வாய்ப்பூட்டை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மெல்லிய வெள்ளிக் கம்பியை ஒரு கன்னத்தில் நுழைத்து மறு கன்னத்தில் வாங்குவார்கள். உதட்டை மறைத்து ஒரு தகடு. கம்பியின் நுனியில் மரை. திருகி இறுக்கினால் பூட்டு. அலிபிரி போய்த்தான் கழற்ற வேண்டும். அதுவும் முன்னடியின் கையால். அதுவரை பேச்சு கிடையாது, சோறு கிடையாது. துணியைப் பாலில் நனைத்து, தகட்டின் ஓரத்துச் சந்தில் பின்னடி பிழிந்துவிட வேண்டும். இரண்டாம் நாள் கன்னம் வீங்கும். வலி தாங்காமல், தன்னையறியாமல் கை மரைக்குப் போகும். அப்படிப் போனால் பின்னடி அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "வேண்டுதலை அவன் மறந்தாலும் நீ மறக்காதே" என்பது முன்னடி வரதப்பரின் வார்த்தை. நான் எத்தனையோ கையைப் பிடித்திருக்கிறேன். அலிபிரியில் பூட்டுக் கழன்றதும் அவர்களே என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்: "நீ புடிச்சதாலதான் தப்பிச்சேன் அண்ணே."

வரதப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிடங்கு மேஸ்திரி, கருத்து ஒல்லியான மனுஷன்; அவருக்குப் பிறகுதான் சேகண்டி என் கைக்கு வந்தது. நடக்கும்போது திரும்பிப் பார்க்கவே மாட்டார். "பின்னடி மேல நம்பிக்கை இல்லாதவன்தான் திரும்பிப் பார்ப்பான்" என்பார். பேச்சைவிடச் சேகண்டியில்தான் அதிகம் பேசுவார். ஒரு தட்டு தட்டினால் நட. இரண்டு தட்டினால் நில். விடாமல் தட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு. அந்த மூன்றாவதை அவர் தட்டி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் பூட்டுப் போட்டுக்கொண்டது ஒரே ஆள், தணிகாசலம். பாலாற்றில் தோல் ஊறவைக்கிறவன். ஆற்று மணலில் குழி தோண்டினால் ஊற்று வரும், அதில் தோலைப் போடுவார்கள். வெள்ளம் வருவதற்குள் தோலை எடுத்துக் கரை சேர்ப்பது அவன் பொறுப்பு. முதலாளி சாய்பு அவனுக்கு லீவு கொடுக்கும்போது, "பன்னெண்டு நாள் ஆத்தை யாருடா பார்த்துக்குவான்? ஜல்தி வந்துடு" என்றாராம்.

அவன் பேர் கொடுக்க வந்தபோது மகளையும் கூட்டி வந்தான். அலமேலு, ஆறு வயசு. பிறந்ததிலிருந்து பேச்சு இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, வாய்தான் வரவில்லை. அவளுக்குத்தான் வேண்டுதல்: நான் வாயை மூடிக்கொள்கிறேன், அவள் வாயைத் திற.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை சுவரோரம் எதையோ பார்த்துவிட்டு, அப்பனை இழுத்து, இரண்டு கையாலும் படபடவென்று என்னவோ காட்டியது. தணிகாசலம் அந்த இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"கை காட்டக்கூடாதுன்னு சொன்னனா இல்லையா? வாயத் தொறந்து சொல்லு கண்ணு. சொல்லு."

அது நெளிந்தது. கையை உருவப் பார்த்தது. அவன் விடவில்லை. "கைய விட்டா இப்பிடியே பழகிப்பூடும் அண்ணே" என்றான் என்னிடம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா. ராத்திரி அங்கே தங்கினோம். மறுநாள் காலையில் பாலாற்றைக் கடந்து குடியாத்தம் ரோட்டைப் பிடிக்க வேண்டும். பாலம் ஏது அப்போது? ஆறு என்று பேர்தானே தவிர அரை மைல் அகலத்துக்கு மணல். "பாலாத்துல தண்ணி பார்த்தவனும் பணக்காரன் வீட்டுல சிரிப்பு பார்த்தவனும் இல்லை" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

ஆற்று மணலிலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவது எங்கள் கூட்டத்துப் பழக்கம். அன்றைக்கும் உட்கார்ந்தோம். நாற்பத்து மூன்று பேர். முக்கால் ஆறு கடந்தாகிவிட்டது; எதிர்க்கரைப் பனைமரம் தெரிகிறது. குடிக்கத் தண்ணீருக்காக நான் ஒரு குழி பறித்தேன். முழங்கை ஆழத்தில் ஊற்று வந்தது. கொட்டாங்குச்சியால் மொண்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கொட்டாங்குச்சியை அந்தக் குழிக்குள்ளேயே போட்டேன். வரதப்பர் செருப்பு ஜோடியை ஒரு துண்டின் மேல் வைத்து, கற்பூரம் எடுத்துக்கொண்டிருந்தார். வெயில் சுளீரென்று அடித்தது. தலைக்குமேல் ஒரு பொட்டு மேகம் இல்லை.

தணிகாசலம் தனியாக உட்கார்ந்திருந்தான். பால் பிழிய நான் துணியை நனைத்துக்கொண்டு போனபோது அவன் மூக்கை மேற்கே தூக்கி எதையோ மோந்து பார்த்தான். எழுந்து போய் என் குழியில் கையை விட்டான். முகம் மாறியது.

அவ்வளவுதான். ஓடிப்போய்க் கெங்கம்மாக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். "அட இன்னாப்பா இது, சோத்துக் கையப் புடிக்கிற!" என்று அவள் உதறினாள். அடுத்தவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினான். கட்டுச்சோற்று மூட்டையைக் காலால் எத்தினான். மணலில் சோறு சிதறிற்று. மேற்கே கையை வீசினான். எதிர்க்கரையைக் காட்டினான். நெஞ்சில் அடித்துக்கொண்டான். தகட்டுக்குப் பின்னாலிருந்து மாடு அடித்தொண்டையில் கத்துவதுபோல ஒரு சத்தம்.

யாரோ சொன்னார்கள்: "சாமி வந்துடிச்சி!"

கோவிந்தா என்று கூட்டம் எழுந்தது. எழுந்ததே, அப்படியே நடந்திருக்கக்கூடாதா? அவனைச் சுற்றி வட்டம் கட்டி நின்றுகொண்டார்கள். ஒருத்தர் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கெங்கம்மாக்கா காலில் விழுந்தாள். "சாமி, சோத்தை எத்திட்டியே, இன்னா குத்தம் பண்ணோம், சொல்லு சாமி!" வாயில் பூட்டுப் போட்டிருக்கிறவனைப் பார்த்துச் சொல்லு சொல்லு என்று நாற்பது பேர் கும்பிடுகிறார்கள். அவன் கும்பிட்ட கைகளைப் பிரித்துத் தள்ளுகிறான். தள்ளத் தள்ள ஆவேசம் ஜாஸ்தியாகிறது என்று இவர்கள் இன்னும் உரக்கக் கோவிந்தா போடுகிறார்கள்.

அப்போது அவன் கை மரைக்குப் போயிற்று.

என் வேலை அதுதானே? பாய்ந்து பின்னாலிருந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். சுமை தூக்கின கை என்னுடையது. முறுக்கி முதுகோடு சேர்த்துவிட்டேன். "தணிகாசலம், பொறுத்துக்கப்பா. குழந்தையை நெனச்சிக்கோ. இன்னும் நாலு நாள்தான்" என்று காதில் சொன்னேன். குழந்தை என்றதும் அவன் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. அப்புறம் இன்னும் பலமாகத் திமிறினான். நானும் இன்னும் பலமாகப் பிடித்தேன். சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் கன்னம் என் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கம்பி நுழைந்த இடத்திலிருந்து ரத்தம் என் தோளில் வழிந்தது. அவன் கண்ணைப் பக்கத்தில் பார்த்தேன். சாமி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கண் ஒரு இடத்தில் நிற்காது, எதையும் பார்க்காது. இவன் கண் ஒரே இடத்துக்குப் போனது, என்னிடம் வந்தது, திரும்பவும் அங்கேயே போனது. அது போன இடத்தை நானும் பார்த்தேன்.

நான் பறித்த குழி. அடியில் போட்ட கொட்டாங்குச்சி குழியின் விளிம்பில் மிதந்துகொண்டிருந்தது.

மணலுக்குமேல் வருவதற்கு முன்னால் ஆறு மணலுக்கு அடியில் வரும். தோல் ஊறவைக்கிறவனுக்கு அது பால பாடம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்போதுதான் அந்தக் காற்றும் எனக்கு உறைத்தது. மேற்கேயிருந்து சில்லென்று வந்தது. அதில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாடை, ஊறி நைந்த பட்டைச் சக்கை வாடை. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்கும் கரையோரம் கொட்டிவைத்த சக்கையையெல்லாம் வாரிக்கொண்டு என்னவோ வருகிறது. பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே வளர்ந்த மூக்கு எங்களுக்கு. அது வருவதே தெரியாது.

வரதப்பரைப் பார்த்தேன். வட்டத்துக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, செருப்புக்கு முன்னால் நின்றிருந்தார். கோவிந்தா சத்தத்தில் நான் கத்தினால் அவருக்குக் கேட்காது. பூட்டை அவர் மட்டும்தான் திறக்க வேண்டும். அலிபிரியில் மட்டும்தான் திறக்க வேண்டும். திறந்தால் அந்தக் குழந்தையின் வேண்டுதல் போயிற்று.

நான் அவன் கையை விட்டேன். விட்ட கை மரையைத் தொடவில்லை. கிட்டே போய் நின்றுவிட்டது. குழந்தையை நினைத்துக்கொள் என்று சொன்னது நான்தானே? அதனால் நானே திருகினேன். ரத்தத்தில் விரல் வழுக்கியது. நாலு சுற்று. கம்பியை உருவும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆறு வருது."

அவ்வளவுதான் சொன்னான். வட்டத்தில் ஒருத்தரும் அசையவில்லை. பூட்டுத் திறந்ததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். கோவிந்தா நின்றது. அந்த அமைதியில் அவன் சொன்னது வரதப்பர் காதில் விழுந்தது. என்ன ஏது என்று கேட்கவில்லை அவர். யார் திறந்தது என்றும் கேட்கவில்லை. சேகண்டியை எடுத்தார். விடாமல் தட்டினார்.

மணலில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கனவில் ஓடுவது மாதிரி இருக்கும். முன்னால் சேகண்டி அடித்துக்கொண்டே போகிறது, கூட்டம் அதன் பின்னால். நான் பின்னடி, யாரையும் முந்தக்கூடாது. கெங்கம்மாக்கா பத்து அடி ஓடி உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்கப்பா, என் காலு அவ்ளோதான்." தணிகாசலம் திரும்பி வந்தான். குனிந்து அவளை முதுகில் தூக்கினான். "வுடுடா, பாவி, உன் மூஞ்சியெல்லாம் ரத்தம்!" என்று அவள் அவன் தலையில் அடித்துக்கொண்டே வந்தாள்.

சத்தம் முதலில் வந்தது. நூறு வண்டி ஒன்றாகக் கப்பி ரோட்டில் வருவதுபோல. அப்புறம் பழுப்பு நுரை, முழங்கால் உயரத்துக்கு, அதற்கு முன்னால் பட்டைச் சக்கையும் முள்ளும் உருண்டுகொண்டு. எங்களுக்குக் கணுக்காலில் தட்டியபோது கரை இருபது முழம். முழங்காலுக்கு வந்தபோது பத்து. இடுப்புக்கு வந்தபோது மேலிருந்து யாரோ வேட்டியை வீசினார்கள். கெங்கம்மாக்காவை அதில் பிடிக்கவைத்து, தணிகாசலத்தைத் தள்ளி, கடைசியாக நான் ஏறினேன்.

தலை எண்ணினேன். நாற்பத்து மூன்று. இன்னொரு தடவை எண்ணினேன். நாற்பத்து மூன்று.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் இப்போது ஆறு. பானை, மூட்டை எல்லாம் போயிற்று. பெருமாள் செருப்பும் போயிற்று. வரதப்பர் கையில் சேகண்டி மட்டும். ஒருத்தர், "மேஸ்திரி, செருப்பு..." என்று இழுத்தார். வரதப்பர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "அவரு செருப்புதானே? வேணும்னா நடந்து வந்து எடுத்துக்குவாரு."

ஆனால் தணிகாசலத்திடம் ஒருத்தரும் போகவில்லை. உயிரைக் காப்பாற்றினவன், அவனைத் தொடப் பயந்தார்கள். வேண்டுதல் முறிந்தவன் அல்லவா? அவன் ஒரு பனையடியில் உட்கார்ந்து இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டு அழுதான். நான் வரதப்பர் முன்னால் போய் நின்று, கம்பியையும் தகட்டையும் நீட்டினேன்.

"தெறந்தது நானு. அதுக்கு முன்னால அவன் கையப் புடிச்சி முறுக்கினதும் நானு. பாவம்னா எனக்கு."

வரதப்பர் அவற்றை வாங்கித் துண்டால் துடைத்தார். தணிகாசலத்திடம் போய்க் குந்தினார்.

"எத்தினி வார்த்த பேசின?"

அவன் இரண்டு விரலைக் காட்டினான்.

"அந்த ரெண்டும் உன்னுது இல்ல. நாப்பத்தி மூணு பேருது. நாங்க எடுத்துக்கினோம்." கூட்டத்தைப் பார்த்து, "எவனுக்காவது வேணாமா?" என்றார். பிறகு பூட்டை அவனிடம் நீட்டி, "மாட்டட்டுமா?" என்றார்.

தணிகாசலம் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். பிறகு தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பூட்டு இல்லாமலேயே மிச்ச நாளும் பேசாமல் நடந்தான். நான் பால் கொடுத்தால் வாங்கிக் குடிப்பான். அலிபிரியில், செருப்பு வைக்க வேண்டிய இடத்தில் அந்தப் பூட்டை வைத்துவிட்டு வந்தான்.

திரும்பி வரும் வழியில், சித்தூர் தாண்டியதும், தானாகவே வாயைத் திறந்தான்.

"நீ கையப் புடிச்ச பாரு அண்ணே, அப்போதான் தெரிஞ்சுது."

"இன்னா தெரிஞ்சுது?"

அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தான். என்னைத் திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

ஆம்பூர் வந்ததும் அவன் வீட்டுக்குக் கூடப் போனேன். வேண்டுதல் முறிந்ததை அவன் பெண்சாதியிடம் சொல்ல வேண்டியது நான்தான் என்று பட்டது. வாசலில் அலமேலு எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். வாய் திறக்கவில்லை. அப்பன் கன்னத்துக் காயத்தைத் தொட்டாள். கை இரண்டையும் தூக்கி என்னவோ கேட்க ஆரம்பித்தாள். அவள் அம்மா ராஜம்மா உள்ளேயிருந்து வந்து, "அப்பா சாமிகிட்ட போய்ட்டு வந்துட்டாரு, இப்போ வாயால கேளு கண்ணு" என்று பழக்கத்தில் அந்தக் கைகளைப் பிடித்தாள்.

"கைய வுடு" என்றான் தணிகாசலம்.

"இன்னாங்க?"

"இனிமே இந்த ஊட்ல ஒருத்தரும் அவ கையப் புடிக்கக்கூடாது. நானும் சேத்துதான்."

ராஜம்மா விட்டாள். அவன் மண்ணில் குந்தி, குழந்தை கேட்டதற்குக் கையாலேயே பதில் சொன்னான். உள்ளங்கையைப் படுக்கவைத்து ஓட்டினான், அது ஆறு என்று எனக்கே புரிந்தது. குழி. மிதக்கிற கொட்டாங்குச்சி. கெங்கம்மாக்காவை முதுகில் தூக்கினதை நடித்துக் காட்டியபோது அலமேலு சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு அவன் இரண்டு மணிக்கட்டையும் பின்னால் சேர்த்துத் திமிறிக்காட்டினான். அவள் சிரிப்பு நின்றது. யார் என்று கையால் கேட்டாள்.

அவன் தயங்கினான். நானே என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டு இரண்டையும் பிடித்தாள். அவ்வளவு சின்னக் கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, நகம் பதிந்தது. நான் உருவிக்கொள்ளவில்லை. அவளாக விடட்டும் என்று நின்றேன்.